சமையல் வலைப்பதிவு வைத்திருக்கிறேன். பின்டரெஸ்ட், கூகுள் லென்ஸ் மூலம் வாசகர்கள் வருவார்களா?

வருவார்கள். ஆனால் பின்டரெஸ்டை இன்னொரு ஃபேஸ்புக் என்று நினைத்து இறங்கினால் சலிப்புதான் மிஞ்சும். படங்களைத் தேடிச் சேமித்துவைக்க 2010-இல் தொடங்கிய அந்தத் தளத்துக்குப் பெரும்பாலோர் அரட்டைக்கு வருவதில்லை, எதையாவது தேடித்தான் வருகிறார்கள். அதனால் ஃபாலோயர் எண்ணிக்கையைவிட, தேடுபவர் தட்டும் சொல் உங்கள் 'பின்'னில் (அங்கே நீங்கள் ஏற்றும், உங்கள் பக்கத்துக்கு இணைப்புள்ள படப் பதிவு) இருக்கிறதா என்பதே முக்கியம். ஃபேஸ்புக் பதிவு ஓரிரு நாளில் அடங்கிவிடும். நல்ல பின் மாதக்கணக்கில் ஆள் அனுப்பும்.

"அசத்தல் டிபன்" என்று யாரும் தேடப்போவதில்லை. "குக்கரில் குதிரைவாலி பொங்கல்" என்று தலைப்பு வையுங்கள். தமிழர்களிலேயே பலர் ஆங்கிலத்தில்தான் தட்டுகிறார்கள் (வருத்தம்தான், என்ன செய்ய), எனவே விளக்கத்தில் ஆங்கிலப் பெயரையும் சேருங்கள். படம் நெட்டுவாக்கில், 1000-க்கு 1500 பிக்சல் அளவில் இருக்கட்டும். தீபாவளிப் பலகாரங்களைப் பண்டிகைக்கு வாரங்கள் முன்பே ஏற்றிவிடுங்கள்.

2017-இல் வந்த கூகுள் லென்ஸில் படமே தேடல் சொல். அங்கே சொந்தமாக எடுத்த படம்தான் கைகொடுக்கும். இரவல் படம் ஏற்கெனவே பல தளங்களில் கிடக்கும். கேமரா கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, கோப்புக்குப் பலகாரத்தின் பெயரை வையுங்கள். மாற்று உரையையும் (alt text, படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி) நிரப்புங்கள். படத்தை அதற்குரிய செய்முறைப் பத்திக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

முழுச் செய்முறையையும் படத்திலேயே எழுதிவிடாதீர்கள். பார்த்தவர் சேமித்துக்கொண்டு போய்விடுவார், உங்கள் பக்கத்துக்கு வரமாட்டார்.