வீட்டு ஷெட்டிலேயே ட்ராக் டே காரைப் பராமரித்து மேம்படுத்த முடியுமா? என்னிடம் 2008 ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது, எதிலிருந்து ஆரம்பிப்பது?

முடியும். ஆறு வருடமாக நான் செய்துகொண்டிருப்பது அதுதான், அதுவும் உங்களிடம் இருக்கும் அதே 1.3 பெட்ரோல் ஸ்விஃப்டில். போரூர் பக்கம் வீடு. காரை நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஓர் ஆள் குந்தி உட்கார மட்டும் இடம் இருக்கும் ஷெட். லிஃப்ட் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்ட விடும் நாளில், இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு அதே காரில் போய், ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்புகிறேன்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றால், பிரேக். முதல் இரண்டு வருடம் எஞ்சின் பவர் பக்கமே போகாதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

முதல் ட்ராக் டேக்குப் போவதற்கு முன் காரை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு முழு சர்வீஸ் செய்தேன். பில்லில் பிரேக் ஆயில் மாற்றியதாகவும் போட்டிருந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். நான்காவது சுற்றில், நேர்ப்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரை வரை இறங்கியது. பதறிப்போய் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. கார் ட்ராக்கை விட்டு ஓரப் புல்லில் ஓடி நின்றது. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறந்தால், உள்ளேயிருந்து வந்தது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அந்த ஆயிலை வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை.

அன்று ராத்திரி முடிவு செய்தேன். ட்ராக்கில் 140-இல் போகும்போது எந்த போல்ட்டை யார் முறுக்கியது, எந்த ஆயிலை எப்போது ஊற்றியது என்று எனக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் வேலை செய்வதில் பணமும் மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் எனக்கு அது இரண்டாவது காரணம்.

ஏன் அப்படி ஆனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கார், பெட்ரோல், நான் எல்லாம் சேர்த்து 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 140 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்குக் குறைத்தால் சுமார் 620 கிலோ ஜூல் சக்தி வெப்பமாக மாற வேண்டும். வீட்டுக் குழாயில் பிடித்த இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. ஒவ்வொரு பெரிய திருப்பத்துக்கு முன்னாலும், நாலைந்து விநாடிக்குள், இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கிற வெப்பம். அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டில் இறங்குகிறது, அங்கிருந்து டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு, பேடைத் தாங்கும் காலிப்பர், கடைசியில் ஆயில்.

நாம் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் வகை இல்லை. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று தர வகை போட்டிருக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். அதனால்தான் பெடல் தரைக்குப் போனது. சென்னை மாதிரி வருடம் முழுக்கக் காற்றில் ஈரம் இருக்கும் ஊரில் இந்த விஷயத்தில் சோம்பல் கூடவே கூடாது. நான் நல்ல டாட் 4 ஊற்றி, ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்பும் மாற்றிவிடுகிறேன். மூடி திறந்த டப்பாவில் மிஞ்சியதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வதில்லை. கடையில் டாட் 5 என்று ஒன்று கொடுப்பார்கள், அது சிலிக்கான், இதோடு கலக்கவே கூடாது. நம்பர் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

பழைய ஆயிலை வெளியேற்றி பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்கும் வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் மனைவி டிரைவர் சீட்டில், நான் சக்கரத்துக்குப் பக்கத்தில். "மிதி" என்பேன், "மிதிச்சாச்சுங்க" என்பாள். நிப்பிளைத் திறப்பேன், பழைய ஆயில் ட்யூப் வழியே பாட்டிலில் இறங்கும். நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்பேன். இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போய்விடும். அவள் வாயால் பதில் சொன்ன பிறகுதான் ஸ்பானரைத் திருப்புவது என்று வைத்திருக்கிறோம். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து பக்கத்தில் இருப்பதற்கு வருவது வழக்கம். ஏபிஎஸ் உள்ள சில கார்களில் வரிசை வேறு, மேனுவலைப் பாருங்கள். நடுவில் மேலே உள்ள டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், சேர்த்து வைத்து சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பேடு. சாதாரண ரோடு பேடு ட்ராக் சூட்டில் பிடிப்பை இழக்கும். முழுக்க ரேஸுக்கென்றே செய்த பேடு காலையில் குளிர்ந்திருக்கும்போது பிடிக்காது, வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலிலேயே பயமாக இருக்கும். ட்ராக்குக்கும் அதே காரில்தான் போய் வருகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வகையை வாங்குங்கள். புதுப் பேடு போட்டதும் ஆளில்லாத ரோட்டில் 80-லிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்து, காரை நிறுத்தாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். ட்ராக்கிலும் இதே கதைதான். கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக வாருங்கள். நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு சக்கரத்துக்கு ஆப்பு வையுங்கள். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி 2.1 கிலோமீட்டரில் அடுத்தடுத்து திருப்பம் வரும் ட்ராக்கில் பிரேக்குக்கு ஆற நேரமே கிடைக்காது. அங்கே ஒரே தடவையில் பத்துப் பன்னிரண்டு சுற்று ஓட்ட நினைக்காதீர்கள்.

பிரேக் சரியானபின் டயர். இங்கே பெரிய அலாய் வாங்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, நல்ல ரப்பர் உள்ள டயரை அதே 14 இன்ச் ரிம்மில் போடுங்கள். டயரைவிட முக்கியம் காற்று. காலையில் 32 வைத்துப் போனால் நாலைந்து சுற்றுக்குப் பிறகு 38 வரை ஏறியிருக்கும். பிட்டுக்கு (ட்ராக் ஓரம் காரை நிறுத்தும் இடம்) வந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து இறக்க வேண்டும். எவ்வளவு இறக்குவது என்று டயரே சொல்லும். டயரின் பக்கச் சுவருக்கும் ஓடும் பரப்புக்கும் நடுவில் உள்ள தோளில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை, தோளில் அழியவே இல்லை என்றால் அதிகம். என் காருக்கு சூட்டில் 35 முன்னே, 36 பின்னே சரியாக வந்தது. உங்கள் டயருக்கு வேறாக இருக்கலாம். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் திரும்பக் காற்று அடியுங்கள்.

இனி சொல்லப்போவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, வீட்டிலேயே அலைன்மென்ட் பார்ப்பது. இதற்கு வேண்டியது கொத்தனாரிடம் இருக்கும் மூன்று சாமான்: நைலான் நூல், தூக்குக் குண்டு, ரசமட்டம். முதலில் ரசமட்டம் வைத்து நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். என் ஷெட்டில் ஒரு மூலை 8 மி.மீ. இறக்கம், அங்கே பழைய டைல்ஸ் துண்டு இரண்டு வைத்துச் சரிசெய்தேன். சக்கரத்தை நேராக வைத்து, ரிம்முக்கு வெளியே தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ரிம் விளிம்புக்கு விளிம்பு 380 மி.மீ. இருந்தால், 6.6 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. முன் சக்கர டிரைவ் காரில் திருப்பத்தில் முன்பக்கம்தான் முதலில் வழுக்கும். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் மாற்றி முன் சக்கரத்தின் தலையை உள்ளே ஒன்றரை டிகிரி சாய்த்ததும் என் கார் திரும்பிய விதமே வேறு. எஞ்சினில் 10 குதிரை சேர்த்தால்கூட இந்த சந்தோஷம் வராது என்று நினைக்கிறேன். டோ என்பது சக்கரத்தின் முன் விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. அதற்குக் காரின் இரண்டு பக்கமும் இணையாக நூல் கட்டி, ஸ்டீல் ஸ்கேலால் ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளப்பது. முதல் தடவை எனக்கு முழு நாள் பிடித்தது. பிறகு மெஷினில் வைத்துப் பார்த்தபோது அரை மி.மீ.தான் வித்தியாசம். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும், அதனால் எப்போதும் கேம்பர் முதலில்.

எஞ்சினைப் பொறுத்தவரை பராமரிப்பு மட்டும் போதும். நீண்ட திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப்புக்கு எட்டாமல் போகலாம், அதனால் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு முறை ஓட்டி வந்தபின்னும் பாருங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் வேண்டாம். இந்த எஞ்சினில் இருப்பது செயின் இல்லை, டைமிங் பெல்ட். பழைய கார் வாங்கியவர் என்றால் எப்போது மாற்றியது என்று ஆதாரம் இல்லாத பட்சத்தில் மாற்றிவிடுங்கள். அதை நான் செய்யவில்லை, அம்பத்தூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் செய்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேரிங் அழுத்துவது, டிஸ்க்கின் பரப்பைச் சீவும் ஸ்கிம்மிங் எல்லாம் லேத் பட்டறை வேலை.

கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், கோன் ஃபில்டர் என்பார்கள், பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் இழுக்கும், வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்துவது ஆபத்து. கேஸ் கட்டிங்கில் வெட்டினால் அந்த இடத்தில் எஃகின் பதமே போய்விடும், கார் எகிறும்போது ஸ்பிரிங் இடத்தை விட்டு நகரவும் செய்யும். ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் புதிதாக மாற்றினாலே பழைய ஸ்விஃப்ட் நிமிர்ந்து நிற்கும். புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடுவது எனக்கும் பிடிக்கும். கதவுக் கைப்பிடி, பிராக்கெட், ரிம் எல்லாம் அங்கே வாங்கியிருக்கிறேன். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்க மாட்டேன். ரோட்டிலும் ஓடும் காரில் ரோல் கேஜும் (காருக்குள் பொருத்தும் இரும்புக் கூண்டு) வேண்டாம். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது அந்த இரும்புக் குழாயில் தலை மோதும். பெரிய மாற்றம் எதுவானாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். இன்ஷூரன்ஸ் ட்ராக்கில் நடப்பதற்குப் பணம் தராது, அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். உங்களுடையது 15 வருடம் தாண்டிய கார், ஆர்.சி. புதுப்பித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

கருவிகளில் இரண்டுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யுங்கள். ஒன்று, எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். வீல் நட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கி, ட்ராக்கில் ஒவ்வொரு முறை ஓட்டி வந்தபின்னும் ஆறவிட்டு மறுபடி பார்ப்பேன். காலிப்பர் போல்ட்டை முறுக்கியதும் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். கோடு விலகியிருந்தால் போல்ட் கழன்றிருக்கிறது, குனிந்து பார்த்தாலே தெரியும். இரண்டாவது, ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக்கும் வைக்காதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் வைத்தபின் காரை இரண்டு கையாலும் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டு, கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுத்தான் நான் படுப்பேன்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம். பார்ப்பதற்கு எந்தப் புது பாகமும் வாங்க வேண்டாம். முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள் பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அநேகமாகக் காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் போட்டு, கையால் தள்ளினால் ஓடும்படி செய்யுங்கள். அப்புறம் நிப்பிளைத் திறந்து முதலில் வரும் ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். அது என்ன நிறத்தில் இருந்தது என்று இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.