ஹேமக் ரிட்ஜ்லைனுக்கு எந்தக் கயிறு? தடிமனை விடுங்கள், நீளுமா என்று பாருங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பதினோரு அடி ஹேமக், அதாங்க மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கிற தொங்கு தூளி, வாங்கியிருக்கிறேனுங்க. எடை 78 கிலோ. தோப்பிலும் நண்பர்களோடு போகிற முகாம்களிலும் கட்டுவேன். ஹேமக்கின் இரண்டு முனைகளையும் இணைத்து மேலே ரிட்ஜ்லைன் கட்டணும் என்றார்கள். பாராகார்டு என்று விற்கிற மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டினேன். விடிவதற்குள் ஹேமக் தொய்வு மாறி முதுகு பிடித்துக்கொள்கிறது. கடையில் 8 மில்லிமீட்டர் கயிறாகப் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமுங்களா?"

வேண்டாமுங்க. உங்கள் கயிறு மெல்லியதாக இருப்பது கோளாறு இல்லை, அது நீளுவதுதான் கோளாறு. ரிட்ஜ்லைனுக்கு ஒரே ஒரு வேலை: மரங்கள் கிட்டே இருந்தாலும் தள்ளி இருந்தாலும் ஹேமக்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை மாறாமல் வைத்திருப்பது. தூரம் மாறாவிட்டால் தொய்வும் மாறாது. பாராகார்டு நைலானில் செய்தது. பாரம் ஏறினால் நீளும், பனி இறங்கினால் ஈரம் குடித்து இன்னும் தளரும். 8 மில்லிமீட்டர் நைலான் போட்டால் பையில் சுமைதான் கூடும். ஈரத்தில் தளருகிற குணம் போகாது. தோப்பில் கிடக்கிற தேங்காய்நார்க் கயிறும் நீளக்கூடியதே.

வாங்க வேண்டியது 2.5 முதல் 3 மில்லிமீட்டர் டைனீமா பின்னல் கயிறு. டைனீமா என்பது பலமான ஒரு பாலிஎத்திலீன் இழை. விரல் பருமன்கூட இல்லையே என்று பயப்பட வேண்டாம். நல்ல தயாரிப்பில் 2.8 மில்லிமீட்டர் கயிறு அறுபட 700 கிலோ அளவுக்கு இழுவை வேண்டும். நீளுவது இல்லை என்றே சொல்லலாம், தண்ணீர் குடிப்பதும் இல்லை. நீளக் கணக்கு எளிது: ஹேமக் நீளத்தில் 83 சதவீதம். உங்கள் பதினோரு அடி 335 சென்டிமீட்டர். ஆக, கயிற்றின் ஒரு முனைக் கண்ணியிலிருந்து மறுமுனைக் கண்ணிவரை சுமார் 278 சென்டிமீட்டர். படுத்துப் பார்த்து ஐந்து சென்டிமீட்டர் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

டைனீமா வழுக்கும். சாதாரண முடிச்சு அதில் நழுவும். நழுவாத முடிச்சானாலும் பலம் பாதியோ அதற்குக் கீழோ ஆகிவிடும். அதனால் முனைகளில் கயிற்றைக் கயிற்றுக்குள்ளேயே செருகிக் கண்ணி வைத்ததாக, தயாராக விற்பதை வாங்குங்கள். 150 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், அடுப்புப் பக்கம் கட்டாதீர்கள். டைனீமா விலை கட்டுப்படியாகவில்லையா, 4 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு போதும். கொஞ்சம் நீளும், ஆனால் ஈரத்தில் தளராது.

இனி நான் உரக்கச் சொல்ல விரும்புவது. 'பாராகார்டு' என்ற பெயரில் விற்கிற கயிற்றில் எவ்வளவோ போலி. பனியன் கம்பெனிக்கு இடுப்பு நாடாவாகப் போக வேண்டிய சரக்கைக் கிலோ கணக்கில் எடுத்து, 30 மீட்டர் கட்டாக மடித்து, ராணுவ அட்டை ஒட்டி விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு ஒரே மாதிரிதான். அசல் 550 பாராகார்டு 550 பவுண்டு, அதாவது 250 கிலோவுக்குக் குறையாமல் தாங்கணும். வெட்டிப் பார்த்தால் மேலுறைக்குள் 7 முதல் 9 முறுக்கு இழைகள் தெரியணும். உள்ளே பஞ்சு மாதிரி எதையாவது அடைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'நைலான்' என்று சொல்லி விற்பதை ஒரு துண்டு வெட்டி, தண்ணீருக்குள் நன்றாகப் பிழிந்து காற்றை வெளியேற்றி விட்டுப் பாருங்கள். நைலான் முழுகும். மிதந்தால் அது பாலிபுரோப்பிலீனாக இருக்கும். வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகிற சரக்கு.

பொட்டலத்தில் '300 கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பார்கள். அறுபடுகிற பாரமா, நம்பித் தொங்கக்கூடிய பாரமா? கேட்டால் விற்பவருக்கே தெரியாது. பொட்டலப் பொருள் விதிகள் நீளம், விலை, தயாரித்தவர் முகவரி, மாதம், வருஷம் எல்லாம் அச்சிடச் சொல்கின்றன. ஒரு மனிதன் உடம்பைத் தாங்கப் போகிற கயிறு எத்தனை கிலோவில் அறும் என்று மட்டும் அச்சிடச் சொல்வதில்லை. இதைக் கட்டாயமாக்க இன்னும் எத்தனை பேர் விழணும்? ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, கூப்பிடுங்கள். கயிறு எதில் செய்தது என்பதையும் ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் வழக்குக்குப் பலம்.

ரிட்ஜ்லைன் இருக்கிறதே என்று ஹேமக்கை விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. மரத்துக்குப் போகிற நாடாப்பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் உங்கள் எடையளவே, 78 கிலோ, இழுவை. 10 டிகிரியாக விறைத்தால் அதே ஆளுக்கு 225 கிலோ. அந்தக் கூடுதலில் பெரும்பகுதி ரிட்ஜ்லைன் தலையில்தான் விழும். படுத்துக்கொண்டே கையை நீட்டி, இரண்டு விரலால் அதைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் சரி. கம்பிபோல விறைத்து நின்றால் இறங்கிப் பட்டையைத் தளர்த்துங்கள்.

நைலானே ஆகாது என்றேன். ஓர் இடத்தில் மட்டும் அதுதான் ஆகும், இதைக் கொஞ்சம் விளக்கணும். மழைக்காக மேலே கட்டுகிற தார்ப்பாயின் நடுக்கயிறு வேறு. அதற்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் பாலியஸ்டர் போதும். ஆனால் தார்ப்பாயின் நாலு மூலைகளையும் முளைக்கு இழுக்கிற கயிறு இருக்கிறதே, அது நீளணும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் சீராக வீசாது. திடீர் திடீரென்று அடிக்கும். நீளாத கயிறானால் ஒவ்வொரு அடியும் நேராகத் தார்ப்பாயில் கயிறு கோக்கிற கண்ணிலும் முளையிலும் இறங்கும். கண் கிழியும், முளை பிடுங்கிக்கொள்ளும். நைலான் நீண்டு கொடுத்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஆனி ஆடியில் மட்டுமில்லை, ஐப்பசி மழையில் இடியோடு வருகிற காற்றுக்கும் இதே கதைதான். மூலைக்கு 3 மீட்டர் வீதம் 12 மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். மழை ஈரத்தில் தளர்ந்தால் ஒரு தடவை எழுந்து இழுத்துக் கட்டணும், அவ்வளவே.

அப்புறம், மரத்தைச் சுற்றுவதற்குக் கயிறு கூடாது, எந்தக் கயிறும். குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகல நாடாப்பட்டைதான். கயிறு மரத்தின் தோலை அறுத்துக் காயப்படுத்தும். காய்ப்பிலிருக்கிற தென்னையின் அடியிலும் கட்ட வேண்டாம். தோப்போரத்தில் புளியோ வேம்போ இருந்தால் அங்கே போங்கள்.