ஐபியை மாற்றி மூன்று நாளாகியும் பாதிப் பேருக்குப் பழைய சர்வரே திறக்கிறதே, ஏன்?

முதன்மை சர்வரில் பைண்ட் (டிஎன்எஸ் மென்பொருள்) ஸோன் கோப்பை, அதாவது டொமைனின் ஐபி விவரங்கள் உள்ள கோப்பைத் திருத்திவிட்டேன், டிடிஎல் (பதிலை மற்றவர்கள் கேஷில் வைத்திருக்கும் நேரம்) 86400தான், கேஷ் இன்னும் காலியாகவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். 86400 வினாடி என்றால் ஒரு நாள். மூன்று நாள் ஆனபிறகு கேஷ் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. டொமைனின் ஐபியைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் உங்களுடைய இரண்டு நேம் சர்வர்களில் (முதன்மை, இரண்டாவது) ஒன்றே இன்னும் பழையதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

எனக்கும் இது நடந்தது. ஒரு சின்ன அலுவலகத்துக்கு மெயில் சர்வரை மாற்றிக் கொடுத்தேன். பாதி மெயில் புதிய பெட்டிக்கு வந்தது, மீதி பழையதிலேயே விழுந்தது. ராத்திரி முழுக்க ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருந்தேன். விடிகிற நேரத்தில்தான் டிஎன்எஸ் கேள்வி கேட்கும் டிக் கட்டளையில் அட் குறி போட்டு, இரண்டு நேம் சர்வரிடமும் தனித்தனியாக எஸ்ஓஏ (ஸோனின் சீரியல் எண் உள்ள பதிவு) கேட்டுப் பார்த்தேன். இரண்டும் 2019061202 என்றன. ஆனால் ஐபி கேட்டால் ஆளுக்கொன்று சொன்னன. கோப்பில் ஐபியை மாற்றிய நான், ஸோன் எத்தனாவது பதிப்பு என்று காட்டும் சீரியல் எண்ணை ஏற்றவே இல்லை. ரீலோட் செய்தபோதே சீரியல் மாறவில்லை என்று பைண்ட் லாகில் எச்சரித்திருந்தது. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

இரண்டாம் சர்வர் முதன்மையிடம் சீரியலைத்தான் முதலில் கேட்கும். தன்னிடம் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால்தான் ஸோனை இறக்கிக்கொள்ளும். உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று பார்க்காது. அதனால் சீரியலை ஒன்று கூட்டி, கோப்பில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் நேம்ட்-செக்ஸோன் கட்டளையை ஓட்டிச் சரிபார்த்து, ரீலோட் கொடுங்கள். சில நிமிடங்களில் இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

முதன்மையில் எண் கூடியும் இரண்டாவது அசையவில்லையா? அப்போது ஃபயர்வாலைப் பாருங்கள். சாதாரணக் கேள்விகள் பெரும்பாலும் யுடிபி 53 வழியாகப் போய்விடும், இரண்டாம் சர்வர் ஸோனை இறக்கும் ஸோன் பரிமாற்றத்துக்கு டிசிபி 53 வேண்டும். யுடிபியை மட்டும் திறந்துவைத்தால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். அதோடு ஸோனை யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும், முதன்மையின் அலவ்-டிரான்ஸ்ஃபர் வரியில் இரண்டாம் சர்வரின் ஐபி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரிதாக இரண்டாவதில் எண் பெரிதாக இருக்கும். எப்போதோ சீரியலின் தொடக்கத்தில் வரும் ஆண்டை, 2024 என்பதை 2042 என்று அடித்து, பிறகு முதன்மையில் மட்டும் திருத்தியிருப்பீர்கள். அப்படியானால் இரண்டாம் சர்வரில் பைண்டுக்கு உத்தரவிடும் ஆர்என்டிசி கட்டளையில் ரீடிரான்ஸ்ஃபர் கொடுங்கள். சீரியலைப் பார்க்காமல் முழு ஸோனையும் புதிதாக இறக்கிக்கொள்ளும்.