வாசகர் கேள்வி பதில்: எந்த ஊரில் எதைச் சாப்பிடுவது, எதைக் குடிப்பது?

கேள்வி: ஆவணித் தொடக்கத்தில் இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். அம்மம்மாவின் ஊர்ச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற மாதிரி யாழ்ப்பாண நகரத்தில் நல்ல சாப்பாட்டுக்கடை ஒன்று சொல்லுங்கோ.
– வாசகி, ரொறன்ரோ

பதில்: எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்தான், ஆனால் நான் அதைச் சொல்லமாட்டேன் தங்கச்சி. யாழ்ப்பாணச் சாப்பாடு என்று மொத்தமாக ஒன்று இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் ஒரு சாப்பாடு, பரவைக்கடல் கரையில் ஒரு சாப்பாடு, தென்மராட்சியில் வேறு, தீவுகளில் வேறு. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போனால் மண்ணின் நிறமும் கிணற்றுத் தண்ணீரின் ருசியும் மாறிவிடும், கறிச்சட்டியும் அதோடு மாறும். இங்கே வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத் தண்ணீரைக் கிணற்றால் இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் கத்தரிக்காயும் விளைகின்றன.

முதல்நாள் காலையில் சுன்னாகம் சந்தைக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அடுத்தநாள் வெள்ளெனப் பாசையூர் மீன் சந்தை. நண்டை உயிரோடு பார்த்து வாங்கி, தங்குகிற வீட்டிலேயே சமைக்கச் சொல்லுங்கள். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பழப்புளி, கட்டித் தேங்காய்ப்பால், கடைசியில் சட்டியை இறக்குகிற நேரம் ஒரு பிடி முருங்கையிலை. அந்த இலை வெந்து கறுக்கக்கூடாது, சூட்டில் வதங்கினால் போதும். நண்டு வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், பாரம் இல்லாவிட்டால் உள்ளே சதை இல்லை.

பிறகு வடமராட்சிப் பக்கம். பருத்தித்துறை வடை தட்டையாக, முறுகலாக இருக்கும், நாட்கணக்கில் வைத்துச் சாப்பிடலாம், கனடாவுக்கும் கட்டிக்கொண்டு போகலாம். அப்படியே மணற்காட்டுக்கு விட்டால் பிள்ளைகள் மணல் மேடுகளில் ஏறி விழுந்து விளையாடிவிட்டு நல்ல பசியோடு வருவார்கள்.

இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். நீங்கள் வருகிற நேரம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நடந்துகொண்டிருக்கும், 25 நாள், அந்த நாட்களில் நிறைய வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கமாட்டார்கள். ஆகவே தங்குகிற வீட்டில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள், வற்புறுத்தாதீர்கள். அடுத்தது, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பெரும்பாலும் முடிந்திருக்கும். கவலைப்படவேண்டாம், பனம்பழம் விழத் தொடங்குகிற காலம் அது. பனங்காய்ப் பணியாரத்தைச் சுடச்சுட எண்ணெயிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட பிள்ளை அந்த வாசத்தை மறக்காது.

கேள்வி: பிரான்ஸ், இத்தாலி போகிறவர்கள் திராட்சைத் தோட்டம் தோட்டமாகப் போய் வைன் குடித்து ருசி பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் திராட்சை விளைகிறதாமே, வைன் உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: உண்டு. வலிகாமத்தில் பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்கிறார்கள், கூடுதலாக இஸ்ரேல் புளூ என்கிற கறுப்பு இனம். குளிர்காலம் இல்லாத ஊரில் திராட்சைக் கொடி தானாக ஓய்வெடுக்காது, கவாத்துப் பண்ணி நாங்கள்தான் அதைத் துளிர்க்கவும் பூக்கவும் வைக்கவேண்டும், அதனால் ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடையும் எடுக்கலாம். பிரான்சின் பர்கண்டித் தோட்டங்களும் சுண்ணாம்புக்கல் நிலத்தில்தான் இருக்கின்றன என்பதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் வெயிலும் காற்றின் ஈரமும் வேறு, அந்த வைனை இங்கே தேடக்கூடாது.

வைன் என்றால் எங்கள் ஆட்கள் உடனே சொல்வது தோலகட்டியைத்தான். 1928இல் தொடங்கிய கத்தோலிக்கத் துறவு மடம் அது. அவர்களுடைய திராட்சை வைனும் நெல்லி ரசமும் யாழ்ப்பாணத்தில் எந்த மதத்து வீட்டுக்கும் தெரிந்தவை. வைன் இனிப்புப் பக்கம் சாயும். மீன் கறியோடு எடுபடாது, சாப்பாடு முடிந்தபிறகு சின்னக் கிளாசில் நன்றாக இருக்கும். நெல்லி ரசத்தைத் தண்ணீர் கலந்து சின்னப்பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரித் தோட்டம் தோட்டமாகப் போய் ருசி பார்க்கவேண்டுமென்றால், இந்த மண்ணில் அதற்குரியது திராட்சை இல்லை, பனை. அதுபற்றி அடுத்த கேள்வியிலேயே வருகிறது.

கேள்வி: கொழும்பில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்கிற நண்பர்கள் யாழ்ப்பாணத்துப் பனங்கள்ளு கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒரு போத்தலில் வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் வரலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: வேண்டாம் தம்பி. கள்ளு போத்தலுக்குள் சும்மா இருக்காது. பாளையைச் சீவி மண்முட்டி கட்டிய நேரத்திலிருந்தே காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் அதில் வேலை செய்யத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது இனிப்பும் லேசான புளிப்புமாக, நுரைத்துக்கொண்டு இருக்கும். மத்தியானம் காரம் ஏறும். அடுத்தநாள் புளித்து விநாகிரிப் பக்கம் போய்விடும். மூடியை இறுக்கி பஸ்ஸில் வைத்தால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கவும் கூடும், பக்கத்துச் சீற்காரர் பாவம். கூட்டுறவுச் சங்கங்கள் போத்தலில் அடைத்து விற்கிற கள்ளு இருக்கிறது, அது பழுதாகாமல் இருக்கப் பதப்படுத்தியது. பிரயாணத்துக்கு அது சரி, ஆனால் ருசி வேறு.

நண்பர்களை இங்கே வரச் சொல்லுங்கள். மாசிக்குப் பிறகு, கோடையில் வரவேண்டும், பனை சுரக்கிற காலம் அது. தென்னங்கள்ளு வருடம் முழுக்க இருக்கும், பனங்கள்ளுக்குத்தான் காலம் பார்க்கவேண்டும். அனுமதி உள்ள தவறணைக்கு, அதுதான் கள்ளுக்கடைக்கு, காலையில் போங்கள், பின்னேரம் போனால் மிஞ்சியது கிடைக்கும். போயா நாளில், அதாவது பௌர்ணமியில், பூட்டு. கூடவே பொரித்த மீனோ மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலுமோ இருக்கட்டும், வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். குடிக்காத நண்பர் இருந்தால் அவருக்குக் கருப்பணி கேளுங்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்குவது, அதனால் நொதிக்காது, அதே பனையின் அதே சாறு, தேன்போலத் தித்திக்கும்.

கேள்வி: சென்னையில் ஒடியல் கூழ் செய்ய முடியுமா? இங்கே தை மாதத்தில் பனங்கிழங்கு நிறைய வருகிறது.
– வாசகி, சென்னை

பதில்: தாராளமாக. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் அங்கே கிழங்கை அவித்துச் சாப்பிடுவீர்கள். அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல், கடித்துச் சாப்பிடலாம், அல்லது மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துச் சாப்பிடலாம், கூழுக்கு அது சரிவராது. கூழுக்குக் கிழங்கைப் பச்சையாகவே தோல் உரித்து, நெடுக்காகப் பிளந்து, முறித்தால் சடக்கென்று முறிகிற அளவுக்கு வெயிலில் காயவிட்டு இடிக்கவேண்டும், அப்படிப் பச்சையாகக் காயவிட்டதுதான் ஒடியல். அந்த மாவை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பவும் ஊறவிடுங்கள். இந்த வேலையைத் தவிர்த்தால் கூழ் கசக்கும், பிறகு எந்த மீன் போட்டும் மீட்க முடியாது.

பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க, கொஞ்சம் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய். அவை அரை அவியலாக வந்ததும் நண்டு, இறால், கணவாய், மீன் தலை. மீன் ஒரே வகையாக இருந்தால் கூழ் எடுபடாது, சின்னதும் பெரியதுமாகக் கலந்து போடுங்கள். செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கரையுங்கள், பழப்புளியில் ஊறிய ஒடியல் மாவைக் கரைத்துக் கடைசியாக ஊற்றிக் கட்டிபடாமல் துழாவுங்கள். தடிப்பாக வரும்போது முருங்கையிலை போட்டு இறக்கவேண்டியதுதான். பனையோலைப் பிழாவில் சூடாகக் குடிப்பது எங்கள் வழக்கம், பிழா இல்லாவிட்டால் கோப்பை. தனியாகக் குடிப்பதற்கென்று சின்னச் சட்டியில் வைக்காதீர்கள், கூழ் பத்துப் பேருக்குக் குறையாமல் வைத்தால்தான் கூழ்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்களுக்கு ஏதும் உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது, நிறைய. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, வாழைப்பூ வறை, மொட்டைக்கறுப்பன் அரிசி மாப் புட்டு. ஆடிப்பிறப்பு அன்று வந்தால் பனங்கட்டியும் (உங்கள் ஊர்க் கருப்பட்டி) தேங்காய்ப்பாலும் பயறும் போட்ட ஆடிக்கூழும் கொழுக்கட்டையும்.

கேள்வி: குடும்பங்கள் வாசிக்கிற சஞ்சிகையில் கள்ளைப் பற்றி இவ்வளவு எழுதவேண்டுமா? எத்தனை வீடுகள் குடியால் அழிந்திருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாதா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தெரியும் அக்கா. அந்த வீடுகளின் துயரத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை, குடிக்காதவர் குடிக்கத் தொடங்கவேண்டும் என்றும் எழுதவில்லை. ஆனால் பனையைப் பற்றி எழுதும்போது கள்ளை விட்டுவிட்டால், பனை ஏறுகிறவரையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம். காலையும் மாலையும் தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் பாளைக்கத்தியோடு, பிடிக்க ஒரு கிளை இல்லாத மரத்தில் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். கால் தவறினால் உயிர் போகும். அவர்கள் இறக்கியதைக் குடித்த ஊர், அவர்களைத் தள்ளிவைத்தும் பார்த்தது. அது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது, கூட்டுறவுச் சங்கங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன, இருந்தும் இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகளை விட மனம் வராத நிலைதான் பல குடும்பங்களில்.

கள்ளு வேண்டாம் என்பவர்கள் பனங்கட்டி வாங்கலாம், அதற்கும் ஆள் மரம் ஏறத்தான் வேண்டும். சீனிப்பாகு கலந்தது மலிவாக வரும், அதை வாங்காதீர்கள். பனையோலைக் குட்டானில் கட்டிய நல்ல பனங்கட்டிக்கு என்ன விலை சொல்கிறார்களோ அதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.