பழைய மொனிட்டருக்கு என்ன கார்ட் போடலாம்?

ஹட்டனிலிருந்து ஓர் உயர்தர மாணவர்: சேர், மாமா கொடுத்த 19 இஞ்சி சதுர மொனிட்டர் இருக்கிறது. பின்னால் நீல நிற வயர் மட்டும்தான் பொருந்தும். பாவித்த 1050 டிஐ கார்ட் ஒன்று வாங்கலாமா?

தம்பி, எந்தக் கிராபிக்ஸ் கார்டையும் ‘வீஜீஏ கார்ட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் எல்லாவற்றிலும் அந்த நீல வயருக்கான வீஜீஏ சொக்கெட் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் மொனிட்டருக்கு வேண்டியது அனலொக் சிக்னல், அதாவது அந்த நீல வயரில் போகும் பழைய வகைச் சிக்னல். இந்தக் கார்டுகளின் சிப்பைச் செய்யும் என்விடியா கம்பனி அதை ஜிடிஎக்ஸ் 900 வரிசையோடு நிறுத்திவிட்டது. 2016இல் வந்த 10 வரிசையில் அது கிடையாது, நீங்கள் கேட்கும் 1050 டிஐ அந்த வரிசைதான்.

கடையில் கார்டைக் கையில் வாங்கி, மொனிட்டர் வயர் பூட்டும் இன்னொரு வகையான டீவீஐ சொக்கெட்டைப் பாருங்கள். ஓரத்தில் தட்டையாக ஒரு கீறல் இருக்கும். அதற்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு சின்னத் துளைகள் இருந்தால் அனலொக் உண்டு. மலிவான அடப்டர் ஒன்றைச் செருகி நீல வயரைப் பூட்டிவிடலாம். வெறும் கீறல் மட்டும் என்றால் அந்த அடப்டர் உள்ளேயே போகாது. நாலு கம்பியையும் குறட்டால் வெட்டிவிட்டுச் செருகிய பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அடப்டர் போனது, படம் வரவில்லை.

1050 டிஐதான் வேண்டும் என்றால், எச்டிஎம்ஐயை வீஜீஏவாக்கும், உள்ளே சிப் உள்ள கொன்வேர்ட்டரும் சேர்த்து வாங்க வேண்டும். ஆனால் தேவையா என்று பாருங்கள். உங்கள் திரையில் 1280 x 1024, அதாவது சுமார் 13 இலட்சம் புள்ளிகள்தான். புல் எச்டி என்றால் 20 இலட்சத்துக்கு மேல். புள்ளி குறைந்தால் கார்டுக்கு வேலையும் குறைவு. 2014இல் வந்த 750 டிஐ 2 ஜீபீ கார்டே ஜிடிஏ 5 கேம் ஆடப் போதும். 60 வொட்தான் இழுக்கும். கார்டைச் செருகும் ஸ்லொட்டே 75 வொட் தருவதால் பெரும்பாலானவற்றுக்குத் தனி பவர் வயர் வேண்டாம். ஒரு விஷயம்: 750, 1050 இரண்டுக்குமே வழக்கமாக வரும் புது டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டன. விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கப் பாருங்கள்.

இராகலை வாசகர்: 1050 டிஐ, வீஜீஏ சொக்கெட்டோடு, அதுவும் பாதி விலைக்கு ஒருவர் தருகிறார். அதிர்ஷ்டம்தானே?

மேலே சொன்னதைப் படித்தீர்களா? அந்த வரிசைச் சிப்பில் அனலொக் இல்லாதபோது நீல சொக்கெட் எங்கிருந்து வந்தது? பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டுகளுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸை மாற்றிப் புதுப் பெயரில் விற்கும் வேலை பல காலமாக நடக்கிறது. விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரைத்தான் காட்டும். காசு கொடுக்குமுன், உள்ளே இருக்கும் உண்மையான சிப்பைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

பண்டாரவளை: ஜிடி 1030 கார்ட் இரண்டு விலையில் இருக்கிறது. மலிவானது போதுமா?

போதாது. மலிவானது பெரும்பாலும் டிடிஆர்4 நினைவகம் கொண்டது. ஜிடிடிஆர்5 உள்ளது விநாடிக்கு 48 ஜீபீ கடத்தும், மற்றது 17க்கும் குறைவு. பெட்டியில் பெயர் ஒன்றுதான், சின்ன எழுத்தைப் படியுங்கள்.

மஸ்கெலியா: கந்தோரில் பாவித்த ஒல்லியான டெல் கொம்பியூட்டர். எந்தக் கார்ட் போகும்?

அரை உயரக் கார்ட் மட்டும்தான் போகும். கார்டைக் கொம்பியூட்டரில் பூட்டும் குட்டையான தகடும் கார்ட் வந்த பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கொம்பியூட்டரின் மூடி மூடாது.

தலவாக்கலை ஆசிரியை: மகன் பாடக் காணொளிதான் பார்க்கிறான். எழுத்து மங்கலாகத் தெரிகிறது. கார்ட் போட்டால் சரியாகுமா?

வேண்டாம் டீச்சர். விண்டோஸில் மொனிட்டரின் சொந்தப் புள்ளி அளவை (ரெசொலூஷனை) வைத்து, மொனிட்டரிலுள்ள ‘ஓட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். அப்படியும் மங்கினால் வயரை மாற்றுங்கள்.

நானுஓயா: மழைக்காலம் வந்தாலே கார்ட் வேலை செய்வதில்லை. பழுதா?

எடுத்த எடுப்பில் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். நம் பக்கத்து ஈரத்தில் கார்டின் தங்க நிறப் பற்களில் மெல்லிய படலம் பிடித்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி, கார்டை எடுத்து, பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மீண்டும் அழுத்திப் பூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடைக்குக் கொண்டு போங்கள், மொனிட்டர் வயரையும் சேர்த்து. பாதி நேரம் குற்றவாளி அதுதான்.