வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டுக்குள் வந்து சோதனை போடலாமா? அரசியலமைப்பு இதைத் தடுக்காதா?

வாரண்ட் எதையும் காட்டாமல் போலீசார் வீட்டுக்குள் வந்து சோதனை போட்டார்கள், போனையும் எடுத்துப் போய்விட்டார்கள், இது அரசியலமைப்புக்கு விரோதம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். இந்தியச் சட்டத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

வாரண்ட் இல்லை என்ற ஒரே காரணத்தால் சோதனை சட்டவிரோதம் ஆகிவிடாது. இதைக் கேட்டதும் என் கட்சிக்காரர்கள் முகம் வாடிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் வாரண்ட் இல்லாமல் வரலாம் என்பதற்கு, எப்படி வேண்டுமானாலும் வரலாம் என்று பொருளில்லை.

அமெரிக்காவில் 1791-லிருந்தே நான்காவது திருத்தம் இருக்கிறது. நியாயமற்ற சோதனையிலிருந்தும் கைப்பற்றுதலிலிருந்தும் பாதுகாப்பு என்று நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அரசியலமைப்பில் அப்படித் தனியாக ஒரு வரி கிடையாது. 1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்: அமெரிக்காவில் இருப்பதுபோன்ற அந்தரங்க உரிமையை நம் அரசியலமைப்பை உருவாக்கியவர்கள் சேர்க்கவில்லை, நாமாக அதை உள்ளே கொண்டுவர முடியாது என்றார்கள். வீட்டைச் சோதனை போடுவது, ஒருவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவது ஆகாது, அதனால் அப்படிக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 20(3) பிரிவு இங்கே பொருந்தாது என்றும் சொன்னார்கள். அடுத்து 1962-இல் கரக் சிங் வழக்கு. போலீசார் கண்காணிப்பு என்ற பேரில் இராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வருவதை உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-ஆவது பிரிவின் கீழ் ரத்து செய்தார்கள். ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒப்புக்கொள்ள அப்போதும் பெரும்பான்மை நீதிபதிகள் தயாராக இல்லை.

அந்தரங்க உரிமைக்கு வழி திறந்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று. புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பழைய இரண்டு தீர்ப்புகளிலும் அதற்கு மாறாக இருந்த பகுதிகள் செல்லாது என்றார்கள். ஆகவே இன்று அரசு உங்கள் வீட்டுக்குள் கைவைக்க வேண்டுமானால், அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சிப் போகக் கூடாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. வாரண்ட் இல்லாத சோதனைக்கு அதில் 185-ஆவது பிரிவு. நிலையப் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ, விசாரணைக்குத் தேவையான பொருள் இங்கே இருக்கிறது, வேறு வழியில் அதிகத் தாமதமில்லாமல் அதைப் பெற முடியாது என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும், எதைத் தேடுகிறார் என்பதையும் சோதனைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் மனு போட்டால் மாஜிஸ்திரேட் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். இந்தக் கடைசி விஷயம் பலருக்கும் தெரிவதில்லை, அதனால் கேட்பதும் இல்லை.

அப்புறம் 103-ஆவது பிரிவு: அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, சுதந்திரமான இரண்டு சாட்சிகள் முன்னிலையில்தான் சோதனை நடக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் கூடவே நின்று பார்க்கலாம். எது எது எங்கே எங்கே இருந்து எடுக்கப்பட்டது என்று பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு நகல் உங்களுக்கு. இப்போது 105-ஆவது பிரிவின்படி சோதனை முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், பட்டியல் எழுதுவது, கையெழுத்து வாங்குவது உட்பட. என்னைக் கேட்டால் புதிய சட்டத்தில் வந்த நல்ல மாற்றங்களில் இது முதலிடம்.

இந்தப் பட்டியலை மகஜர் என்போம்; அது எவ்வளவு முக்கியம் என்று ஒரு வழக்கில் கண்ணெதிரே பார்த்தேன். வீடியோ இல்லாத காலம். ‘படுக்கையறை பீரோவின் மேல்தட்டிலிருந்து’ பணம் எடுத்ததாக மகஜரில் எழுதியிருந்தது. என் கட்சிக்காரரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரே கூடம், அதன் மூலையில் அடுப்பு. படுக்கையறை என்று ஒன்றே கிடையாது. மகஜர் சாட்சியைக் கூண்டில் ஏற்றி, “பீரோ எந்தப் பக்கம் இருந்தது?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் நின்றார். கடைசியில், “நான் அந்த வீட்டுக்குப் போகலீங்க, ஸ்டேஷன்ல கையெழுத்து கேட்டாங்க, போட்டேன்” என்றார்.

அந்த வழக்கில் கட்சிக்காரர் விடுதலையானார். ஆனால் சோதனை முறைகேடானது, அதனால் பணத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று நீதிபதி சொல்லவில்லை. பணம் அங்கே எடுக்கப்பட்டது என்பதையே நம்ப முடியவில்லை என்றுதான் எழுதினார். இந்த வித்தியாசம் பெரியது. அமெரிக்காவில் 1961-இல் வந்த மாப் தீர்ப்புக்குப் பிறகு, அரசியலமைப்பை மீறிக் கைப்பற்றிய பொருளைச் சாட்சியமாகப் பயன்படுத்த மாநில நீதிமன்றங்களிலும் பொதுவாக இடமில்லை. இங்கே பூரண் மல் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: சோதனை சட்டவிரோதமாக நடந்திருந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புள்ளதாக இருந்தால் சாட்சியமாக வரலாம். புட்டசாமிக்குப் பிறகு இதை மறுபடி பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்குள் முறைகேடாக வந்தவருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை என்றால், 185-ஆவது பிரிவை அவர் எதற்காக மதிப்பார்?

போதைப்பொருள் வழக்கில் மட்டும் கொஞ்சம் கடுமை உண்டு. உடலைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எடுத்ததை மட்டும் வைத்துத் தண்டனை கொடுத்தால் அது நிற்காது என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது.

உங்கள் போன் விஷயம். போனை ஒரு பொருளாகக் கைப்பற்ற அதிகாரம் இருக்கிறது. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பாஸ்வேர்டைத் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுவது 20(3)-க்கு எதிரானதல்ல என்றது. 2022-இல் டெல்லியில் ஒரு சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அதனால் யாராவது கேட்டதும் பதற்றத்தில் திறந்து கொடுத்துவிடாதீர்கள்; பிறகு அது நீங்களாகவே சம்மதித்துக் கொடுத்தது ஆகிவிடும். “வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று தன்மையாகச் சொல்லலாம். தடுத்து மல்லுக்கட்டினால் மட்டும் புது வழக்கு வரும்.

பட்டியல் நகல் தந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தந்திருந்தால் அதில் போனின் மாடலும், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. அடையாள எண்ணும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தரவில்லை என்றால் 185-இன் கீழ் பதிவின் நகல் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். போனைத் திருப்பிக் கேட்க 503-ஆவது பிரிவில் தனி மனு. கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மனுவிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.