அப்டேட் செய்தும் பழசாகவே இருக்கிறதே?

கேள்வி: உபுண்டு டெர்மினலில் தினமும் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கொடுக்கிறேன். ஆனாலும் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) மென்பொருள் பழைய பதிப்பிலேயே நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: அந்தப் பெயரை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். அப்டேட் எதையும் நிறுவாது. சர்வரில் என்னென்ன பதிப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் புதிதாக எடுத்துவந்து வைக்கும், அவ்வளவுதான். அப்புறம் ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

கொடுத்தும் மாறவில்லையா? ‘ஆப்ட் பாலிசி கிட்’ என்று அடித்துப் பாருங்கள். இன்ஸ்டால்டு (இப்போது இருப்பது), கேண்டிடேட் (நிறுவக் கிடைப்பது) என்று இரண்டு வரிகள் வரும்; இரண்டிலும் ஒரே எண் என்றால் உங்கள் உபுண்டு தருவதே அவ்வளவுதான். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் மென்பொருளின் எண்ணைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவைத்து, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதற்குள் சேர்ப்பார்கள், அதனால் எண் பழசாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். புதுசுதான் வேண்டும் என்றால் கிட்டின் இணையதளத்திலேயே சொல்லியிருக்கும் பிபிஏவை (உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே மென்பொருள் தரும் தனிக் களஞ்சியம்) சேர்த்துவிட்டு மறுபடி அப்டேட், அப்கிரேட். கண்ட பிபிஏவையும் சேர்க்காதீர்கள். அதில் வருவதெல்லாம் ரூட் எனும் முழு நிர்வாகி அதிகாரத்தோடு உங்கள் கணினியில் இறங்கும்.

இன்னொன்று, எப்போதோ நீங்களே மூலநிரலிலிருந்து கம்பைல் செய்த கிட் ‘யூஎஸ்ஆர் லோக்கல் பின்’ ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கலாம், ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) வழக்கமாக அதைத்தான் முதலில் எடுக்கும். ‘டைப் -ஏ கிட்’ அடித்தால் எல்லாப் பிரதிகளும் வரிசையாக வந்துவிடும்.

கேள்வி: மென்பொருளை நீக்க ஆப்டில் உள்ள ரிமூவ், பர்ஜ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: ரிமூவ் செய்தால் ‘ஈடிசி’ ஃபோல்டரில் உள்ள அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும், பர்ஜ் அதையும் துடைக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரை இரண்டுமே தொடாது.